துரத்தும் கனவு, ஓடாத கால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாரோ துரத்துகிறார்கள். அல்லது வெள்ளம் வருகிறது, வீடு தீப்பற்றுகிறது, பூட்டு திறக்க மறுக்கிறது. ஆளும் இடமும் மாறினாலும் கதை ஒன்றுதான்: தப்ப வேண்டும், தப்ப முடியவில்லை. சிலருக்கு இந்தக் கனவு மாதக்கணக்கிலும் சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் திரும்பத் திரும்ப வருகிறது. உறக்க மருத்துவம் இதைப் பற்றிக் கண்டறிந்ததையும் நம் வீடுகளில் சொல்லப்படுவதையும் எதிரெதிரே வைத்து, வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கனவுக்குப் பலன் தேடி ஒன்றும் ஆகப்போவதில்லை. அதற்கு ஒரு முடிவு எழுதினால் பலருக்கு நிம்மதி கிடைக்கிறது. எப்படி எழுதுவது என்பது கீழே வருகிறது.

இந்தக் கனவு எனக்கு மட்டும்தான் வருகிறதா? மூளையில் ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. மனிதர்கள் அதிகம் காணும் கனவுகளைப் பட்டியலிட்டால், துரத்தப்படும் கனவு முதல் வரிசையில் வந்து நிற்கும். கனடாவில் 1,181 பல்கலைக்கழக மாணவர்களிடம் எடுத்து 2003இல் வெளியான ஆய்வில், 100க்கு 80 பேருக்கு மேல் அந்தக் கனவைக் கண்டதாகச் சொன்னார்கள். உயரத்திலிருந்து விழும் கனவும், பாடமே படிக்காமல் தேர்வு அறையில் உட்காரும் கனவும் அதற்குப் பின்னால்தான் வந்தன.

எப்போதாவது வருவது வேறு, உபத்திரவமாக வருவது வேறு. பெரியவர்களில் 100க்கு 2 முதல் 6 பேர் வரை வாரம் ஒருமுறையாவது கெட்ட கனவு கண்டு விழிக்கிறார்கள். அவர்களுக்குத்தான் உதவி தேவை. மற்றவர்கள் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் படுக்கலாம்.

என்னைத் துரத்துவது பாம்பு. பாம்பு என்றால் பகையா, வரப்போகும் நோயா, குலதெய்வக் குறையா?

பாம்பு பாம்புதான். கனவில் பாம்பு துரத்தினால் இன்னது, கடித்தால் இன்னது, கடித்து ரத்தம் வந்தால் இன்னது என்று பஞ்சாங்கத்திலும் வார இதழ்களின் கடைசிப் பக்கத்திலும் அட்டவணை போட்டிருப்பார்கள். ஒரு பட்டியலில் பணவரவு என்றிருப்பது அடுத்த பட்டியலில் கண்டம் என்றிருக்கும். இரண்டையும் வாங்கிப் படித்தவருக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

துரத்துபவர் யார் என்பது பெரும்பாலும் வயதையும் வாழும் இடத்தையும் பொறுத்தது. சிறு பிள்ளைகளை விலங்குகளும் பூதங்களும் துரத்துகின்றன. வயது ஏற ஏற, திருடன், முகம் தெரியாத ஆள், கூட்டம் என்று மனிதர்கள் அந்த இடத்துக்கு வருகிறார்கள். வயல் வரப்பில் நடந்து வளர்ந்தவர் கனவில் பாம்பு வருவதும், யானை இறங்கும் ஊரில் இருப்பவர் கனவில் யானை வருவதும் வியப்பே இல்லை. கையில் இருக்கும் அச்சத்தைத்தானே மூளை எடுத்துப் பயன்படுத்தும்?

கவனிக்க வேண்டியது துரத்துவது எது என்பதை விட, எப்போது துரத்துகிறது என்பதை. கடன் தவணை நெருங்கும்போதா, மேலாளர் மாறியபோதா, வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் கிடந்தபோதா? விட்டுப்போன கனவு திரும்ப வந்த தேதியையும், அந்த வாரம் வீட்டில் நடந்ததையும் ஒரு காகிதத்தில் எழுதிவைத்தால், பஞ்சாங்கம் சொல்லாததை அந்தக் காகிதம் சொல்லும்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்கிறார்களே?

இந்த நம்பிக்கைக்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. பலிப்பது அந்தக் காரணம் அல்ல. தெளிவான, கதை போல நீளும் கனவுகள் பெரும்பாலும் ரெம் என்ற உறக்கக் கட்டத்தில் வருகின்றன. மூடிய இமைக்குள் கருவிழிகள் விரைந்து அசையும் கட்டம் அது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953இல் இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். ஏறக்குறைய 90 நிமிடங்களுக்கு ஒருமுறை இது வரும். முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும். விடியும் நேரத்தில் அரை மணி நேரம்கூட நீளும். ஆக, நீளமான கனவும் விடியலில்தான், விழிப்பும் விடியலில்தான். கண்டது மறக்கும் முன்பே எழுந்துவிடுகிறோம். நினைவில் நிற்கும் கனவைத்தானே பலித்ததா என்று பிறகு சரிபார்க்க முடியும்?

சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். கணவன் கைப்பிடித்து ஒரு பெரிய நகருக்குள் போனது, அங்கே அவர்கள் மேல் பழி விழுந்தது, கோவலனுக்குத் தீங்கு நேர்ந்தது, தான் அரசன் முன் நின்று வழக்குரைத்தது என எல்லாமே பின்னால் நடக்கிறது. நடக்காமல் எப்படி? காப்பியம் எழுதியவருக்கு முடிவு தெரியும். நம் கனவை அப்படி யாரும் எழுதிவைக்கவில்லை. எனக்கு அந்த இடத்தில் பிடித்தது வேறொன்று. பொய்கையில் நீராடிக் காமவேள் கோட்டம் தொழுதால் கணவனைக் கூடலாம் என்று தேவந்தி பரிகாரம் சொல்கிறாள். கண்ணகி 'பீடு அன்று', அதாவது அது பெருமை அல்ல, என்று ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள். கனவு கண்ட மறுநாளே ஆயிரக்கணக்கில் பரிகாரக் கட்டணம் கேட்பவர்களிடம் அந்தச் சொல்லை நாமும் பயன்படுத்தலாம்.

ஓட முயல்கிறேன், கால் நகரவில்லை. கத்த முயல்கிறேன், குரல் வரவில்லை. ஏன்?

ரெம் உறக்கத்தில் கண்ணையும் மூச்சுத் தசைகளையும் தவிர உடலின் தசைகள் ஏறக்குறைய முழுவதுமாகத் தளர்ந்துவிடுகின்றன. மூளைத் தண்டிலிருந்து போகும் கட்டளை, தண்டுவடத்தில் இருக்கும் இயக்க நரம்புகளை அடக்கி வைக்கிறது. பிரான்ஸில் லியோன் நகரில் மிஷேல் ஜுவே 1960களில் பூனைகளின் மூளைத் தண்டில் ஒரு சிறு பகுதியைச் சேதப்படுத்திப் பார்த்தார். அந்தப் பூனைகள் ரெம் உறக்கத்தில் இருந்துகொண்டே எழுந்து நின்றன, பதுங்கின, இல்லாத எதிரி மேல் பாய்ந்தன. கட்டு அவிழ்ந்தால் கனவு கைகால்களுக்கு வந்துவிடும் என்பது அப்போது தெளிவானது.

கால் நகராத கனவுக்கு இந்தத் தளர்ச்சிதான் காரணம் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். அதே தளர்ச்சி இருக்கும்போதுதான் கனவில் பறக்கிறார்கள், நீந்துகிறார்கள், மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாண்டுகிறார்கள். உடல் கட்டுண்டிருப்பது எல்லாக் கனவுக்கும் பொது. கால் ஒட்டிக்கொள்வதோ பயக் கனவில்தான் அதிகம். அச்சம் அதில் ஒரு பங்கு வகிக்கிறது என்றே தோன்றுகிறது.

ஒருமுறைகூடத் தப்பித்ததில்லை. பிடிபடும் நேரத்தில் விழித்துவிடுகிறேன். ஏன் இதே இடத்தில்?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன்ட்டி ரெவொன்சுவோ 2000இல் ஒரு கருத்தை முன்வைத்தார். காட்டு விலங்கும் பகைக் குழுவும் சூழ்ந்திருந்த காலத்தில், உறக்கத்திலேயே ஆபத்தை ஒத்திகை பார்த்த மூளைகள் பிழைத்தன. அந்த ஒத்திகைதான் இன்றும் நம் கெட்ட கனவு என்பது அவர் வாதம். அதற்கு ஆதரவாக, போரில் பாதிக்கப்பட்ட வட ஈராக்கின் குர்து இனக் குழந்தைகளின் கனவுகளையும் அமைதியாக வளர்ந்த பின்லாந்துக் குழந்தைகளின் கனவுகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2005இல் வெளியானது. கடுமையான வன்முறையைக் கண்ட பிள்ளைகளின் கனவில் அச்சுறுத்தல் அதிகமாகவே இருந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மான்ட்ரியல் ஆய்வாளர் அந்தோனியோ சத்ராவும் அவர் குழுவினரும் திரும்பத் திரும்ப வரும் 212 கனவுகளை எடுத்து இந்தக் கருத்தைச் சோதித்து 2006இல் வெளியிட்டபோது, படம் கலங்கிவிட்டது. மூன்றில் இரண்டு கனவுகளில் அச்சுறுத்தல் இருந்தது உண்மை. உயிர் பிழைப்புக்குத் தேவையான, நிஜத்தில் நடக்கக்கூடிய ஆபத்து என்று பார்த்தால் 100க்கு 15கூட இல்லை. அதைவிட முக்கியமாக, கனவு கண்டவர்கள் தப்பிப்பது அரிதாகவே இருந்தது. தினமும் தோற்கும் ஒத்திகையால் யாருக்கு என்ன பயிற்சி?

எனக்கு இதைவிடப் பொருத்தமாகப் படும் விளக்கம் ஒன்று இருக்கிறது. வழக்கமான கனவு பழைய அச்சத்தைப் புதிய சூழலோடு கலந்து அதன் கூர்மையை மழுங்கச் செய்கிறது. பயந்த பொருள் வரும், ஆனால் பாட்டி வீட்டுத் திண்ணையில் வரும், பக்கத்தில் பள்ளித் தோழன் இருப்பான், காட்சி வேறு எங்கோ போய்விடும். பயம் மெல்லக் கரையும். கொடுங்கனவில் அந்த வேலை பாதியில் அறுந்துவிடுகிறது. பயம் ஒரு அளவைத் தாண்டும்போது விழித்துவிடுகிறோம். கரைய வேண்டியது கரையாமல் அப்படியே நிற்கிறது. இன்னும் மோசம், விழித்தவுடன் பெருமூச்சு வருகிறது, 'அப்பாடா, தப்பித்தோம்' என்று. விழிப்பதுதான் தப்பிக்கும் வழி என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்தமுறையும் அதே இடத்தில் அதே வழி.

கதைக்கு முடிவே வராததால்தான் அது மறுபடி தொடங்குகிறது என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான்.

சுனாமியைக் கண்டவள் நான். இன்றும் கனவில் தண்ணீர் துரத்துகிறது. இதுவும் அதே வகையா?

இல்லை, இதைத் தனியாக வைத்துப் பேச வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இலங்கையில் அம்பாறை, மட்டக்களப்பு, முல்லைத்தீவுக் கரைகளில் ஊர் ஊராக அழிந்துபோயின. அதில் மிஞ்சியவர்களின் கனவு பெரும்பாலும் உருவகம் பேசுவதில்லை. நடந்ததையே திரும்பக் காட்டுகிறது. அதே கரை, அதே இரைச்சல், கையிலிருந்து நழுவிய அதே கை. 2009 மே மாதம் வரை ஷெல்லடிக்கும் பதுங்கு குழிக்கும் நடுவே வன்னியில் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தவர்கள், டொரன்டோவிலோ பாரிஸிலோ வெதுவெதுப்பான அறையில் படுத்துக்கொண்டு இன்றும் குழிக்குள் இறங்குகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் உளக்காயங்களைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதியிருக்கிறார். இவையெல்லாம் மருத்துவத்துக்குப் புதிய செய்தி அல்ல.

கனவெல்லாம் ஆசையின் நிறைவேற்றம் என்று வாதிட்டு வந்த பிராய்டுகூட, முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் கனவுகள் தன் கொள்கைக்குள் அடங்கவில்லை என்று 1920இல் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

பகலிலும் அந்தக் காட்சி திடீரென்று கண்முன் வருகிறதா? கடற்கரைப் பக்கம் போவதையே தவிர்க்கிறீர்களா? பட்டாசுச் சத்தத்துக்கு உடல் தூக்கிப்போடுகிறதா? அப்படியானால் இது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயாக இருக்கலாம். எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும் இதற்குச் சிகிச்சை உண்டு. 'இருபது வருடம் ஆகிவிட்டதே, இன்னுமா' என்று கேட்கும் உறவினருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கீழே சொல்லியிருக்கும் எழுதும் பயிற்சியை இத்தகையவர்கள் தனியாகத் தொடங்காமல், மனநல மருத்துவரோ உளவியல் ஆலோசகரோ உடனிருக்கச் செய்வது நல்லது.

மாத்திரையால் இப்படி வருமா?

வரும். பலர் இதைக் கேட்பதே இல்லை. ஒற்றைத் தலைவலிக்கும் நடுக்கத்துக்கும் கொடுக்கப்படும் ப்ராப்ரனலால், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், பார்கின்சன் நோய்க்கான லெவோடோபா, புகையை நிறுத்துவதற்கான நிகோடின் பட்டை ஆகியவை கனவை முறுக்கேற்றலாம். ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்கும் தரப்படும் மான்டெலுகாஸ்ட் மருந்தின் மனநலப் பக்கவிளைவுகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. கெட்ட கனவும் அந்தப் பட்டியலில் உண்டு. கனவு தொடங்கிய வாரமும் மாத்திரை தொடங்கிய வாரமும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

மது ரெம் உறக்கத்தை முன்னிரவில் அமுக்கிவிடும். பின்னிரவில் அது வட்டியோடு திரும்பும். குடியை நிறுத்திய முதல் சில வாரங்களில் கனவுகள் கொடூரமாக இருப்பதும் இதனால்தான். கனவுக்குப் பயந்து மறுபடி குடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

மூச்சு அடைப்பது, தண்ணீரில் மூழ்குவது போன்ற கனவுகளோடு உரத்த குறட்டையும் இருந்தால், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.

விழித்துவிட்டேன், ஆனால் அசைய முடியவில்லை. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அமுக்குவான் பேயா?

நம் ஊரில் அமுக்குவான் என்பார்கள், ஜப்பானில் கனாஷிபாரி என்பார்கள். எல்லா ஊரிலும் ஏதோ ஒன்று நெஞ்சில் ஏறி உட்காருகிறது. மனம் விழித்துவிட்டது, ரெம் உறக்கத்தின் தசைக் கட்டு மட்டும் இன்னும் அவிழவில்லை. கனவின் மிச்சம் அறைக்குள் உலவுகிறது. சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ தானே விலகிவிடும். உயிருக்கு ஆபத்தில்லை. தூக்கம் கெட்ட நாட்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் அதிகம் வரும். தலையணைக்கு அடியில் கத்தியோ துடைப்பமோ வைத்துப் படுத்தால் தைரியம் வருகிறது என்றால் துடைப்பத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வியைப் படித்தால் கத்தி ஏன் வேண்டாம் என்பது புரியும்.

என் கணவருக்கு அறுபது வயது. கனவில் யாரையோ தடுக்கிறேன் என்று என்னை அடித்துவிட்டார். கட்டிலிலிருந்தும் விழுந்தார். என்ன செய்வது?

முதலில், அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அடுத்ததாக, இதைச் சிரித்துத் தள்ளிவிட வேண்டாம். மேலே சொன்ன தசைக் கட்டு ரெம் உறக்கத்தில் சரியாக விழாவிட்டால், கனவில் உதைப்பவர் கட்டிலிலும் உதைப்பார். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கார்லோஸ் ஷெங்க் குழுவினர் 1986இல் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். சிகிச்சைக்கு வருபவர்களில் ஐம்பதைத் தாண்டிய ஆண்களே அதிகம். இவர்களின் கனவுகளும் பெரும்பாலும் இதே வகைதான்: யாரோ தாக்க வருகிறார்கள், இவர் குடும்பத்தைக் காக்கப் போராடுகிறார்.

பலருக்கு இது பார்கின்சன் நோய்க்கோ ஒருவகை மறதி நோய்க்கோ பல ஆண்டுகள் முன்னால் வரும் அறிகுறியாக இருக்கிறது. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்றில்லை. சில மனச்சோர்வு மாத்திரைகளாலும் இது வரலாம். நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, இரவு முழுக்கப் பதிவு செய்யும் உறக்கப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். அதுவரை படுக்கையைத் தரையில் போடுங்கள், கண்ணாடிச் சாமான்களையும் கூரிய பொருட்களையும் எட்டாத தூரத்தில் வையுங்கள், நீங்கள் தனிப் படுக்கையில் படுங்கள்.

குழந்தை இரவில் அலறுகிறது. மந்திரிக்க வேண்டுமா?

அலறுவது எந்த நேரத்தில் என்று பாருங்கள். தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், கண் திறந்தபடி, வியர்த்துப்போய், அம்மாவையே அடையாளம் தெரியாமல் அலறி, காலையில் ஒன்றும் நினைவில்லை என்றால், அது ஆழ்ந்த உறக்கத்தில் வரும் அலறல், கனவு அல்ல. எழுப்பாதீர்கள், விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தானே அடங்கும். பெரும்பாலும் வளர வளர விட்டுப்போகும்.

பின்னிரவில் அழுதுகொண்டே எழுந்து வந்து 'நாய் துரத்தியது' என்று கதை சொன்னால் அது கனவு. 'ஒன்றுமில்லை, கனவுதானே, படு' என்பது பதிலாகாது. அந்தப் பிள்ளைக்கு அது நடந்த சங்கதி. மறுநாள் பகலில் அந்த நாயை வரையச் சொல்லுங்கள். பிறகு நாயை என்ன செய்யலாம் என்று கேளுங்கள். சங்கிலி வரைவார்கள், பிஸ்கட் வரைவார்கள், நாய்க்குச் சிறகு வைத்துப் பறக்க விட்டுவிடுவார்கள். பெரியவர்கள் காகிதத்தில் செய்ய வேண்டியதை அவர்கள் கிரேயானில் செய்துவிடுகிறார்கள். திருநீறு பூசுவதில் தவறேதும் இல்லை. பூசும் கை அருகில் இருப்பதே பாதி மருந்து.

சரி, எப்படி நிறுத்துவது? முடிவு எழுதுவது என்றீர்களே?

அமெரிக்க மருத்துவர் பாரி கிராகோ குழுவினர் பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்டு, அதனால் கொடுங்கனவு கண்டுவந்த 168 பெண்களிடம் இந்த முறையைச் சோதித்து 2001இல் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களுக்குக் கனவும் குறைந்தது, உறக்கமும் சீரானது. அமெரிக்க உறக்க மருத்துவ அகாடமி 2018இல் கொடுங்கனவுக்குப் பரிந்துரைத்த முறையும் இதுதான். செய்வது எளிது, கேட்பவருக்கு நம்பிக்கைதான் வராது.

பகலில், விழிப்பாக இருக்கும்போது, கனவை எழுதுங்கள். மிகக் கொடியதை விட்டுவிட்டு, கொஞ்சம் மிதமானதில் தொடங்குங்கள். பிறகு அதை உங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றி எழுதுங்கள். தொடக்கத்தையும் மாற்றலாம், நடுவையும் மாற்றலாம், ஆளையே மாற்றலாம். புதிய கதையை நாள்தோறும் 10 முதல் 20 நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு மனதில் ஓட்டுங்கள். பழைய கதையைத் திரும்பத் திரும்ப நினைக்க வேண்டாம், புதியதை மட்டும். சில வாரங்கள் விடாமல் செய்ய வேண்டும்.

எனக்குத் தெரிந்த வங்கி ஊழியர் ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படி, மின்சாரம் இல்லை, கீழே செருப்பைத் தேய்த்துக்கொண்டு யாரோ ஏறி வருகிறார். இவர் மூன்றாம் மாடியில் தன் வீட்டுக் கதவின் முன் சாவிக்கொத்தோடு நிற்கிறார். ஸ்கூட்டர் சாவி வருகிறது, பீரோ சாவி வருகிறது, லாக்கர் சாவி வருகிறது. வீட்டுச் சாவி வரவே வராது. செருப்புச் சத்தம் கடைசித் திருப்பத்தை எட்டும்போது விழிப்பு.

முதலில் அவர் எழுதிய முடிவில் அந்த ஆளைப் படியில் உருட்டிவிட்டார். எழுதும்போதே கை நடுங்கியது, அன்றிரவு கனவு இன்னும் மோசம். வீரம் காட்ட வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. இரண்டாம் முறை வேறு மாதிரி எழுதினார். மூன்றாம் மாடிக்குப் போகவே இல்லை. இரண்டாம் மாடியில் ஒரு கதவைத் தட்டுகிறார். தோசை மாவு கரைத்த கையோடு அந்த வீட்டு அக்கா கதவைத் திறந்து, உங்கள் வீட்டிலும் மின்சாரம் இல்லையா என்று கேட்கிறார். இவர் உள்ளே போய் உட்காருகிறார். மெழுகுவத்தி ஏற்றும்போது, செருப்புச் சத்தம் கதவைத் தாண்டி மேலே போய்விடுகிறது. அவ்வளவுதான் கதை.

கனவு உடனே நிற்கவில்லை. இடைவெளி கூடியது. ஒருநாள் கனவுக்குள்ளேயே இரண்டாம் மாடிக் கதவு நினைவுக்கு வந்து தட்டியிருக்கிறார்; யாரும் திறக்கவில்லை. ஆனாலும் விழித்தபோது பழைய படபடப்பு இல்லை என்றார். அதற்குப் பிறகு அந்த மாடிப்படி அவர் கனவில் எப்போதாவதுதான் வருகிறது, அதிலும் விளக்கு எரிகிறது.

ஜெனீவாவில் 36 பேரிடம் நடத்தி 2022இல் வெளியான ஓர் ஆய்வில் இதோடு இசையைச் சேர்த்துப் பார்த்தார்கள். புதிய கதையை மனதில் ஓட்டும்போது ஒரு பியானோ ஒலியைக் கேட்கவைத்து, பிறகு ரெம் உறக்கத்தில் அதே ஒலியை மெல்ல ஒலிக்கவைத்தார்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட இவர்களுக்குக் கெட்ட கனவு இன்னும் குறைந்தது. ஆய்வு சிறியது, அதற்கான கருவியை விளம்பரம் பார்த்து வாங்க அவசரப்பட வேண்டாம்.

கனவுக்குள்ளேயே 'இது கனவு' என்று உணர்ந்து தப்பிக்க முடியுமா?

சிலரால் முடியும். இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் 1975இல், உறங்குபவர் கனவுக்குள் இருந்துகொண்டே கண்களை முன்கூட்டிப் பேசிவைத்தபடி இடமும் வலமும் அசைத்துச் சைகை காட்டியதைக் கருவியில் பதிவு செய்தார். ஆனால் இதைப் பழக நாளாகும்; அலாரம் வைத்து நடு இரவில் எழச் சொல்லும் பயிற்சிகளும் உண்டு. ஏற்கெனவே தூக்கம் கெட்டவரிடம் போய் நடு இரவில் எழுந்திரு என்று சொல்ல எனக்கு மனமில்லை.

மருந்து இல்லையா?

ரத்த அழுத்தத்துக்கான ப்ரசோசின் என்ற பழைய மாத்திரை போர்வீரர்களின் கொடுங்கனவைக் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் காட்டின. அமெரிக்காவில் 304 முன்னாள் படைவீரர்களிடம் நடத்தி 2018இல் வெளியான பெரிய ஆய்வில், அது வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. சில மருத்துவர்கள் இன்றும் சிலருக்குக் கொடுக்கிறார்கள், சிலருக்குப் பயன்படுகிறது. மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது அது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை இதற்குத் தீர்வாகாது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? போய் என்ன சொல்வது?

வாரம் ஒருமுறைக்கு மேல் வந்தாலோ, படுக்கப் போகவே பயம் வந்தாலோ, மறுநாள் வேலை கெட்டாலோ போகலாம். உறக்கத்தில் அடிப்பது, உதைப்பது, கட்டிலிலிருந்து குதிப்பது இருந்தால் கட்டாயம் போக வேண்டும். வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றே யாரிடமாவது பேசுங்கள். அடிக்கடி வரும் கொடுங்கனவுக்கும் அத்தகைய எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்தியாவில் அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.

மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலேயே தொடங்கலாம். போகும்போது இரண்டு வாரக் குறிப்பு கொண்டுபோங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தது, எத்தனை மணிக்கு விழித்தது, கனவு ஒரு வரியில். நாட்டு மருந்து உட்பட, சாப்பிடும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் கத்தியதும் உதைத்ததும் குறட்டை விட்டதும் அவருக்குத்தான் தெரியும்.